புதுச்சேரிக் கடலில் முதன்முறையாக ஸ்கூபா டைவிங்: வெளியூரிலிருந்து வருபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடலுக்கு அடியில் இறங்குவது என்றதும் நம் நாவில் முதலில் வருவது ‘மூச்சடக்கி முத்தெடுத்தல்’ என்ற தொடர்தான். மன்னார் வளைகுடாவில் கல்லின் பாரத்தில் இறங்கிய முத்துக்குளிப்பவர்கள், ஒரே மூச்சில் அடியைத் தொட்டுச் சிப்பியை வாரிக்கொண்டு, மேலே இருப்பவர் கயிற்றை இழுக்க மீண்டு வந்தார்கள். அந்தத் தொழிலில் மூச்சை அடக்குவதே திறமை. முதுகில் சிலிண்டரைச் சுமந்து இறங்கும் ஸ்கூபா டைவிங்கிலோ மூச்சை அடக்குவதே பெரும் ஆபத்து. நாம் சிறு வயது முதல் பழகிய ஒன்றை மறந்து அதற்கு நேர்மாறான ஒன்றைப் பழக வேண்டியிருப்பதால், இதை மற்றச் சுற்றுலாப் பொழுதுபோக்குகளைப் போல இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போக முடியாது.

நான் கடலூர்க்காரி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலையில் கால் நனைத்து வளர்ந்திருந்தும், கடலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது முப்பது வயதைக் கடந்த பிறகுதான். முதல் முறை சளியோடு போய், 3 மீட்டர்கூட இறங்க முடியாமல் காது வலியோடு திரும்பினேன். அடுத்த முறை உரிய ஏற்பாட்டோடு போய் 11 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். அந்த இரண்டு அனுபவங்களுக்கும் நடுவே கற்றுக்கொண்டவற்றையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், குறிப்பாக நவம்பரிலும் டிசம்பரிலும், புதுச்சேரிக் கடலை முதல் முயற்சிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதையும் இந்தப் பக்கத்து மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் இல்லாத நாட்களிலும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் செந்நீர் கடலைக் கலக்கிவிடுவதால், நீட்டிய கை தெரியாத அளவுக்கு நீர் மங்கிப்போவதுண்டு. பொங்கலுக்குப் பிறகு வாடை தணிந்து கடல் அடங்கத் தொடங்கும். பிப்ரவரியிலிருந்து கோடை வரையிலான காலம் புதியவர்களுக்கு ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதால் கடலில் போக்குவரத்தும் குறைந்திருக்கும்.

எந்த மாதமானாலும் காலை நேரப் படகையே கேளுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழுந்து, பிற்பகலில் படகு ஆடத் தொடங்கும். கிளம்பும் முன் வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையைப் படித்துவிடுங்கள். கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில், யார் என்ன உறுதி சொன்னாலும் போகக் கூடாது.

பயணத்தில் எந்த நாளில் வைப்பது

இதில்தான் வெளியூர்ப் பயணிகள் அதிகம் தவறுகிறார்கள். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜன் நம் ரத்தத்திலும் திசுக்களிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல மூச்சின் வழியே வெளியேற வேண்டும். அது வெளியேறி முடிவதற்குள் விமானத்திலோ மலையிலோ ஏறினால், அங்கே சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைவு என்பதால், சோடா பாட்டிலின் மூடியைத் திறந்தது போல உடலுக்குள் குமிழ்கள் உண்டாகக்கூடும். ஒரே ஒரு முறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்ட முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது பொதுவான விதி. முழுதாக 24 மணி நேரம் விட்டுவிடுவது இன்னும் நல்லது.

விமானத்தைப் பற்றி எச்சரிப்பவர்கள்கூட மலையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். காலையில் புதுச்சேரியில் கடலில் இறங்கிவிட்டு, இரவே வண்டி பிடித்து ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போகும் திட்டத்தைப் பலர் வைத்திருக்கிறார்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அதற்கும் இதே காத்திருப்பு பொருந்தும். அன்று மாலையே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் மூச்சிரைக்க ஏறுவதும் வேண்டாம், ஏனென்றால் டைவிங் முடிந்த உடனே கடுமையாக உழைப்பதும் குமிழ்கள் உண்டாக வழி செய்யும். மூன்று நாள் பயணமாக இருந்தால், இரண்டாம் நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பயணக் களைப்பு தீரும். மூன்றாம் நாள் ஊர் திரும்ப இடைவெளி இருக்கும். கடல் சரியில்லை என்று தள்ளிப்போட்டால் அதற்கும் ஒரு நாள் கையில் இருக்கும்.

உடம்பைப் பற்றி உண்மை சொல்லுதல்

ஒவ்வொரு டைவிங் மையத்திலும் மருத்துவக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், நுரையீரல் எப்போதாவது சுருங்கிப்போன வரலாறு, காது அறுவை சிகிச்சை, நீரிழிவுக்கு இன்சுலின், கர்ப்பம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அதில் கேட்டிருக்கும். நான் முதல் முறை போன இடத்தில், “அக்கா, எல்லாத்துக்கும் ‘இல்லை’ன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போடுங்க, டைம் ஆகுது” என்றார்கள். எனக்கிருந்த சளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் படிவத்தை ஊரிலிருக்கும்போதே கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள். ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும், உங்கள் மருத்துவரிடம் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

சாதாரணச் சளி என்று எதையும் ஒதுக்காதீர்கள். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். ஆழத்தில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்து அடைப்பு திரும்பினால், காதுக்குள் அகப்பட்ட காற்று ஏறும் வழியில் விரிந்து வெளியேற முடியாமல் செவிப்பறையைக் குத்தும். மூக்கு தானாகவே திறந்திருக்கும் நாளில் மட்டும் இறங்குங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் அறிமுக டைவிங் (பயிற்சியாளரின் துணையோடு முதன்முறை இறங்கிப் பார்ப்பது) செய்யலாம் என்பது உண்மை. ஆனாலும் முகம் நனைந்தாலே பதறுபவர்கள், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே உள்ளூர் நீச்சல் குளத்தில் முகத்தை அமிழ்த்தி வாயால் மூச்சுவிட்டுப் பழகுவது பெரிதும் உதவும். குறைந்தபட்ச வயது பொதுவாக 10.

மையத்தைத் தேர்ந்தெடுத்தல்

‘பேடி’, ‘எஸ்.எஸ்.ஐ.’ போன்ற பன்னாட்டுப் பயிற்சி அமைப்புகளின் சான்று பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பயிற்சியாளரின் சான்று எண்ணை வாங்கி, அந்த அமைப்பின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். கடலில் ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்டு, ‘ஒருவருக்கு ஒருவர்’ என்ற பதில் வந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். படகில் அவசர ஆக்சிஜன் இருக்கிறதா, விபத்து நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், அழுத்த அறைச் சிகிச்சைக்கு (அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து, உடலில் உண்டான குமிழ்களைச் சுருக்கிக் கரைக்கும் சிகிச்சை) யாரைத் தொடர்புகொள்வார்கள் என்பவற்றையும் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடம் உங்களுக்கான இடம் அல்ல. கடல் சரியில்லாமல் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும், படகில் போன பிறகு பயந்து மறுத்தால் வற்புறுத்தாமல் இருப்பார்களா என்பதும் முக்கியம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் சாகச விளையாட்டுக்குப் பொருந்துமா, ஆழ வரம்பு ஏதும் உண்டா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் இது விலக்குப் பட்டியலில் இருக்கும்.

கருவிகளையும் ஒரு கண் பாருங்கள். சிலிண்டரின் தோள்பட்டைப் பகுதியில் சோதனைத் தேதி அடித்திருக்கும். பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

முந்தின இரவும் அன்று காலையும்

புதுச்சேரிக்கு வருபவர்களில் ஒரு பகுதியினர் மதுவுக்காகவே வருகிறார்கள் என்பதால் இதை வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது. டைவிங்குக்கு முந்தின இரவு ஒரு துளியும் வேண்டாம். மது உடலின் நீர்ச்சத்தை வற்றச் செய்து, நைட்ரஜன் வெளியேறுவதைத் தடுமாறச் செய்கிறது. கடல் மட்டத்திலேயே தெளிவில்லாத மூளை, ஆழத்தில் சிக்கல் வந்தால் என்ன செய்யும்? நன்றாகத் தூங்குங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பூரியும் பொங்கலும் படகு முகத்துவாரத்தைக் கடக்கும்போதே வெளியே வந்துவிடும். குமட்டலுக்கான மாத்திரைகளில் சில தூக்கத்தை வரவழைப்பவை; மருத்துவரைக் கேட்காமல் அவற்றைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

நகைகளை அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை நீச்சல் உடைக்குள் முழுவதும் அடக்கிக்கொள்ளலாம். முடியை ஒற்றைப் பின்னலாகப் போட்டு, ஊசிகளையும் கிளிப்புகளையும் எடுத்துவிடுங்கள். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு, கண்களையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கின் கீழ் விளிம்பு வழியாக நீர் கசியும். மூக்கை ஒட்டிய ஒரு கோடு மட்டும் மழித்தால் போதும். கண்ணாடி அணிபவர்கள் பவருக்கேற்ற மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆழமில்லாத நீரில் பயிற்சி

நேரே கடலுக்கு அழைத்துப்போகிறோம் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். முதலில் நீச்சல் குளத்தில் அல்லது நெஞ்சளவு நீரில் பயிற்சி நடக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் வேறெதைத் தாண்டிப் படித்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

முதுகில் ஏறும் சிலிண்டரைப் பலரும் ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்கிறார்கள். அதில் இருப்பது நாம் அன்றாடம் சுவாசிக்கும் அதே காற்று. வடிகட்டி, சுமார் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறையக் கடல் மட்டத்தில் உள்ள காற்றழுத்தம்) அடைத்திருப்பார்கள். பரவலாகப் பயன்படும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 11 லிட்டர். எனவே அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று இருக்கும். அதை நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகத் தருவது ரெகுலேட்டர். 1943-இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமீல் காஞ்ஞானும் உருவாக்கிய இந்தக் கருவியே இந்த விளையாட்டைப் பொதுமக்களுக்கு எட்டச் செய்தது. இவற்றோடு, காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் ‘பி.சி.டி.’ என்ற சட்டை, இடுப்பில் ஈயக்கட்டிகள், கால்களில் துடுப்புகள், காற்றின் அளவைக் காட்டும் மானி ஆகியவையும் உண்டு.

முதல் பாடம் மூச்சு. ரெகுலேட்டரைப் பற்களால் மெதுவாகக் கவ்வி, உதடுகளை மூடி, வாயால் இழுத்து வாயாலேயே விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். காதருகே ‘கடகட’வென்று குமிழ்கள் ஏறும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் நீங்கள் மூச்சை அடக்கிவிட்டீர்கள் என்று பொருள். அடக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போதும். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம், மேற்பரப்பில் இருப்பதைப் போல இரு மடங்கு. அங்கே 5 லிட்டர் காற்றை நுரையீரலில் நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சடக்கி ஏறினால்கூடக் காயம் ஏற்படலாம் என்பதால், குளத்திலும் இந்த விதிக்கு விலக்கில்லை. முத்துக்குளிப்பவர்கள் மேலே இழுத்த மூச்சையே கொண்டு போய்க் கொண்டு வந்தார்கள். அது சுருங்கி, மீண்டும் பழைய அளவுக்கே விரிந்தது. நாம் ஆழத்தில் புதிதாக இழுக்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது பாடம் காது. மூக்கை விரல்களால் மூடி, வாயையும் மூடி, மூக்கு வழியாக மென்மையாக ஊதினால் காதுக்குள் ‘டப்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானதற்கு அதுவே அடையாளம். தரையில் உட்கார்ந்து இதை நன்றாகப் பழகுங்கள். நீரில் தலை அமிழ்ந்த உடனேயே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்யுங்கள். வலி வரும்வரை காத்திருக்கவே கூடாது. வலி வந்துவிட்டால், காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அப்போது ஓங்கி ஊதாமல், சிறிது மேலே ஏறி மறுபடியும் மென்மையாக முயலுங்கள். புதியவர்கள் ‘இன்னும் ஆழமாகப் போனால் இன்னும் வலிக்குமோ’ என்று அஞ்சுகிறார்கள். உண்மையில், விகித அளவில் பார்த்தால் அழுத்தம் முதல் 10 மீட்டரில்தான் அதிகமாகப் பெருகுகிறது. முதல் 3 மீட்டரைப் பொறுமையாகக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதற்குப் பிறகு சிரமம் இராது.

மூன்றாவது, மாஸ்க்குக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் நீர் கீழ் விளிம்பு வழியாகப் போய்விடும். நான்காவது, ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் அதை மீட்பது. வலக்கையைப் பின்னால் வீசித் துழாவினால் குழாய் கையில் சிக்கும். வாயில் வைத்து ‘தூ’ என்று ஒரு முறை ஊதி நீரைத் தள்ளிய பிறகு மூச்சை இழுங்கள். வாயில் அது இல்லாத நேரத்திலும் சிறு சிறு குமிழ்களாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பதறாமல் மூன்று முறை செய்து காட்டும்வரை, கடலுக்குப் போகச் சம்மதிக்காதீர்கள்.

கட்டைவிரலை உயர்த்தினால் ‘அருமை’ என்று பொருள் கொள்வது நம் பழக்கம். நீருக்குள் அதற்கு ‘மேலே போவோம்’ என்பதே பொருள். மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்டி, பாதியிலேயே மேலே கொண்டுவரப்பட்டவர்கள் ஏராளம். நலமாக இருப்பதைச் சொல்ல, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுங்கள். விரித்த உள்ளங்கையை இருபுறமும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’; அதைக் காட்டிவிட்டுக் காதையோ மாஸ்க்கையோ சுட்டினால் பயிற்சியாளர் புரிந்துகொள்வார்.

படகிலிருந்து அடிவரை

படகில் தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காருங்கள். எனக்குக் குமட்டியபோது படகோட்டித் தம்பி, “அக்கா, காத்து வர்ற பக்கம் குனியாதீங்க, உங்க மேலயே அடிக்கும், இந்தப் பக்கம் வாங்க” என்று இடம் மாற்றி உட்காரவைத்தார். அதுவே போதுமான வைத்தியமாக இருந்தது.

புதுச்சேரிக்கு எதிரே கடலடி பெரும்பாலும் மணல்தான். ஆங்காங்கே பாறைத் திட்டுகளும், மீன்கள் அண்டுவதற்காக மூழ்காளர்களே இறக்கிவைத்த செயற்கைத் திட்டுகளும் உண்டு. அறிமுக டைவிங்குக்கு 12 மீட்டரே எல்லை. அதைத் தாண்டி ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கவும் கூடாது, அழைத்தால் போகவும் கூடாது.

படகின் விளிம்பில் அமர்ந்து, ஒரு கையால் மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகச் சரிய வேண்டும். விழுந்த கணத்தில் எல்லாம் வெண்குமிழாகி, மேல் எது கீழ் எது என்று தெரியாது. மூச்சை விட்டபடி இரண்டு நொடி இருந்தால் சட்டையிலுள்ள காற்றே உங்களை மேலே தூக்கிவிடும். அங்கே மிதந்தபடி மூச்சு நிதானப்படும்வரை காத்திருங்கள். பயிற்சியாளர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். பிறகு நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, கால் கீழாக, ஒவ்வொரு கை இறக்கத்துக்கும் காதைச் சமன்செய்து இறங்குங்கள்.

அடியில் உங்கள் வேலை மூச்சுவிடுவதும் பார்ப்பதும்தான். கடலூர் முதுநகர் மீன் சந்தையில் செக்கச்செவேலென்று பார்த்துப் பழகிய சங்கரா மீன், 11 மீட்டரில் என் முன்னே சாம்பல் பூத்துப்போய் நீந்தியது. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான் என்பதால் அப்படித் தெரிகிறது. பயிற்சியாளர் விளக்கடித்ததும் அதே மீன் பளிச்சென்று சிவந்தது. மாஸ்க் வழியாகப் பார்க்கையில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் சற்று அருகிலும் தெரியும். எதையும் தொடாதீர்கள். அழகாக விசிறி விரித்து நிற்கும் சிங்கமீனின் முட்களில் நஞ்சு உண்டு. சொறிமீனின் இழை பட்டாலே தோல் தடித்துவிடும்.

10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று செலவாகும். பதற்றத்தில் மூச்சு வாங்குபவர்களுக்கு, ஒரு மணி நேரம் வரும் என்று நினைத்த சிலிண்டர் 25 நிமிடத்தில் முடிவதும் இயல்பே. மானி 50 பாரைத் தொடும்போது மேலே வந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் பயிற்சியாளர் திருப்பி அழைப்பார், உடனே கிளம்புங்கள். மானியை நீங்களும் அவ்வப்போது பாருங்கள்.

ஏறும்போது உங்கள் குமிழ்களைவிட வேகமாக ஏறக் கூடாது. நிமிடத்துக்கு 9 மீட்டர் என்பது நிதானமான வேகம். 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று, கரைந்த நைட்ரஜன் கொஞ்சம் வெளியேறிய பிறகு மேலே வருவது நல்ல வழக்கம். நீருக்கு வெளியே தலை வந்ததும் ரெகுலேட்டரை உடனே துப்பிவிடாதீர்கள். சட்டையில் காற்று நிரம்பி நன்றாக மிதக்கத் தொடங்கிய பிறகே கழற்றுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள். காதில் லேசான அடைப்பு ஓரிரு மணி நேரம் இருக்கலாம்; அது நீடித்தாலோ, கேட்கும் திறன் குறைந்தாலோ, தலை சுற்றினாலோ காது மருத்துவரைப் பாருங்கள். மூட்டுகளில் வலி, கை கால் மரத்துப்போதல், தோலில் புள்ளி புள்ளியாகத் தடிப்பு, காரணமில்லாத கடும் சோர்வு, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதேனும் ஒன்று அடுத்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் ‘அலைச்சல்’ என்று படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், எத்தனை மணிக்கு, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். முதலுதவியாகத் தூய ஆக்சிஜன் தர வேண்டியிருக்கும்.

தொடர்ந்து கற்க விரும்புபவர்களுக்கு, 18 மீட்டர் வரை இறங்கத் தகுதி தரும் ‘ஓப்பன் வாட்டர்’ படிப்பு பொதுவாக மூன்று நான்கு நாட்களில் முடியும்; அதற்கு 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். படிப்பைத் தள்ளிப்போட்டாலும், அன்று மாலையே ஒரு நோட்டில் தேதி, ஆழம், நிமிடம், தொடக்கத்திலும் முடிவிலும் மானி காட்டிய அளவு, இடுப்பில் கட்டிய ஈயத்தின் எடை ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை வேறு ஊரில் வேறு படகில் ஏறும்போது, “எனக்கு 5 கிலோ போதும்” என்று நீங்களே சொல்ல முடியும்.